தளர்வுக்குத் தளர்வு கிடையாது

அரசாங்கம் ஒருவருக்குச் சலுகை கொடுக்கிறது என்றால், அந்த ஆள் புதுச் செருப்பு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். பழைய செருப்பு அந்த அலைச்சலைத் தாங்காது. சுஷாந்தி லகடாவுக்கு இது புரியப் பதினோரு வருடங்களும் ஏழு ஜோடிச் செருப்புகளும் ஆகியிருந்தன.

குந்தி ஊருக்கு வெளியே, ராஞ்சி சாலையில், மாநில அரக்கு மற்றும் மரவிளைபொருள் கழகத்தின் கிடங்கு இருக்கிறது. அங்கே ஒரு காலியிடம் இருந்தது. இளநிலை எடையாளர், எண்ணிக்கை ஒன்று, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. வருடக்கணக்கில் நிரம்பாமல் கிடந்த அந்த ஓர் இடத்தை நிரப்புவதற்கென்றே தலைமையகம் ஒரு தனிப்பிரிவை உண்டாக்கியிருந்தது. பெயர், பின்னடைவுப் பணியிட நிரப்புப் பிரிவு. அதற்கு ஒரு துணைப் பொது மேலாளர், ஒரு கண்காணிப்பாளர், இரண்டு எழுத்தர்கள், ஒரு தட்டச்சர், ஓர் ஓட்டுநர், ஒரு பியூன், ஆக ஏழு பேர். இந்த ஏழு இடங்களும் பிரிவு தொடங்கிய வாரத்திலேயே நிரம்பிவிட்டன.

காலியிடம் காலியாக இருந்ததே தவிர, எடை போடும் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. காட்டோரத்துச் சனங்கள் குசும் மரத்திலிருந்து சுரண்டிய அரக்கைக் கூடை கூடையாகச் சுமந்து வருவார்கள். லாரிகள் வந்து மூட்டைகளை ஏற்றிப் போகும். எல்லாவற்றையும் தராசில் வைத்து, முள் நிற்கும்வரை காத்திருந்து, எடையைச் சொல்லிக்கொண்டிருந்தவள் சுஷாந்திதான். தினக்கூலியாக. அவள் சொன்ன எடையை யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. கால் கிலோவுக்காக ஒரு கிழவியிடமும் ஒரு வியாபாரியிடமும் ஒரே குரலில் சண்டை போடக்கூடியவள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

அவள் செய்துகொண்டிருந்த அதே வேலைக்கு அவளே வருடா வருடம் விண்ணப்பித்தாள். கழகமும் வருடா வருடம் 'தகுதியானவர் எவரும் கண்டறியப்படவில்லை' என்று பலகையில் ஒட்டியது. காரணங்கள் மட்டும் புதிது புதிதாக வந்தன. முதல் வருடம் உயரம் போதவில்லை. நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் வேண்டும், பழங்குடியினருக்குத் தளர்வு இரண்டரை. கண்காணிப்பாளர் கமலாகாந்த் ஜா அவளைச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் ஒரு பேரேட்டை வைத்து அளந்து, அரை சென்டிமீட்டர் குறைகிறது என்றார்.

"தராசு தரையில இருக்கு, ஜா பாபு. உயரம் எதுக்கு?"

"காட்டிலாகாக் காவலர் விதியைப் பாத்து எழுதினது, தீதி. அந்த வரியை எடுக்கணும்னா தனிக் கோப்பு போடணும்."

கோப்புப் போட்டு எடுத்தார்கள். எடுக்கும்போது சான்றிதழ்ப் படிவத்தையும் மாற்றிவிட்டார்கள். அதனால் அடுத்த வருடம் அவள் கொண்டுவந்தது பழைய படிவமாகப் போனது. இன்னொரு வருடம் விண்ணப்பித்தவளே அவள் ஒருத்திதான். அந்த வருடத் தரவரிசையில் அவளுக்கு இரண்டாம் இடம் கொடுத்திருந்தார்கள். முதலிடத்துக்குத் தகுதியானவர் கிடைக்கவில்லையாம்.

இந்த வருடத்தோடு கதை முடிகிறது என்பதுதான் இப்போது அவளுக்கு இருந்த பயம். வயது வரம்பு நாற்பது, தளர்வு ஐந்து. ஜூன் பதினெட்டாம் தேதி அவளுக்கு நாற்பத்தைந்து நிறைகிறது. அன்றைக்கு விண்ணப்பிக்கும் உரிமை போய்விடும். தினக்கூலிகளையும் நாற்பத்தைந்துக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்ததால், கூலியும் அதே நாளில் போய்விடும். புருஷன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. மகள் அனுபா ராஞ்சியில் நர்சுப் படிப்பு இரண்டாம் வருடம். இன்னும் ஒரு வருடம் அவளைப் படிக்க வைத்தாக வேண்டும்.

ஆகவே சுஷாந்தி இந்த முறை படித்தாள். மகள் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கச் சொன்னாள். சோறு வடிக்கும்போது மெட்ரிக் அளவுகள், சந்தைக்கு நடக்கும்போது மாவட்டங்களின் பெயர்கள். எழுத்துத் தேர்வை ஐநூற்றுச் சொச்சம் பேர் எழுதினார்கள், மற்றக் கிடங்குகளில் இருந்த நான்கு பொது இடங்களுக்கும் சேர்த்து. முடிவு வந்த அன்று கிடங்கில் எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். நூற்றுக்கு எழுபத்தெட்டு. சுஷாந்திதான் முதல்.

சுமை தூக்கும் மங்ரா உடனே சாலையோரக் கடைக்கு ஓடிப்போய் இலையில் துஸ்கா வடை வாங்கிவந்தான். சுஷாந்தி ஒன்றை எடுத்துக்கொண்டு ஜா பாபுவின் அறைக்குப் போனாள். அவர் துக்கம் விசாரிக்க வந்தவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க, தீதி?"

"ஏன் பாபு? நல்லாத்தானே எழுதியிருக்கேன்."

"அதான் சொல்றேன். இவ்வளவு நல்லா எழுதலாமா? ஒதுக்கீட்டுக்கு நாப்பத்தஞ்சு போதும். அறுபதைத் தாண்டிட்டா நீங்க பொதுப்பட்டியல். சொந்தத் தகுதியில மேல வந்தவங்களை ஒதுக்கீட்டு எடத்துல போடக் கூடாது. உங்க சனத்தோட எடத்தை நீங்களே தின்னுடக் கூடாதுன்னு உங்களுக்காகப் போட்ட விதி அது."

"சரி, பொது எடத்துலயே போடுங்க. நாலு இருக்கே."

"பொதுவுல வயசு வரம்பு நாப்பது. அங்க தளர்வு கிடையாது. உங்களுக்குக் கிட்டத்தட்ட அஞ்சு வயசு அதிகம்."

சுஷாந்தி கையிலிருந்த துஸ்காவை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. முப்பது மூட்டை ஏற்றி இறக்கிய சாயங்காலத்தில் வருமே, அந்த அசதி.

"அப்ப இந்தப் பக்கத்துக்கு நான் ரொம்ப அறிவாளி, அந்தப் பக்கத்துக்கு ரொம்பக் கெழவியா?"

"விதியில அப்படி எழுதல. ஆனா அர்த்தம் அதேதான்" என்றார் ஜா. மனிதர் கெட்டவர் அல்ல. துஸ்காவில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அவளைத் துணைப் பொது மேலாளரிடம் அழைத்துப் போனார்.

துணைப் பொது மேலாளர் விபூதி நாராயண் சஹாய் சமூகநீதியில் ஊறியவர். அவருடைய மேசையில் கண்ணாடிக்கு அடியில் சமூகநீதி பற்றிய ஏழு சுற்றறிக்கைகள் இருந்தன. அவற்றின்மேல் அவர் தேநீர்க் கோப்பையை வைப்பதே இல்லை.

"நான் இந்தப் பிரிவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு, தீதி" என்று ஆரம்பித்தார். "என் கூட வேலைக்குச் சேந்தவனெல்லாம் சுரங்கத்துக்கும் மின்சாரத்துக்கும் போயிட்டான். நான் எங்கயும் போகல. ஏன்? இந்த எடம் நிரம்புற வரைக்கும் நான் நகர மாட்டேன்னு வைராக்கியம். ரெண்டு பதவி உயர்வு வந்துச்சு, அப்பவும் இதே நாற்காலியிலேயே வாங்கிக்கிட்டேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் இந்த எடத்துக்காகப் போராடுவேன்."

"என் மார்க்கைக் கொறைக்க முடியுமா, சாஹேப்?" என்றாள் சுஷாந்தி.

சஹாய் யோசித்தார். மதிப்பெண் தளர்வு என்று ஒன்று இருக்கிறது, அது ஐந்து. அதைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லையே என்று ஜாவைக் கேட்டார். ஜா விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, எழுதவில்லைதான் என்றார். கழித்துப் பார்த்தார்கள், எழுபத்து மூன்று. அப்போதும் அறுபதுக்கு மேலேயே நின்றது. இருவரும் அவளைக் கொஞ்சம் கோபமாகவே பார்த்தார்கள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவர் ஜாதான். எழுத்துத் தேர்வையும் நேர்முகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து வருவதுதான் இறுதி மதிப்பெண். அது நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில் விழ வேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டு அவள் கையில் கொடுத்தார்.

"நேர்முகத்துல பன்னெண்டுக்கு மேல, நாப்பத்திரெண்டுக்குக் கீழ. ஞாபகம் வச்சுக்குங்க. பத்துக் கேள்வி, கேள்விக்குப் பத்து மார்க். ரெண்டு, மூணு, மிஞ்சினா நாலு சரியாச் சொல்லுங்க. மத்ததெல்லாம் தப்பாச் சொல்லுங்க."

"தெரிஞ்சே தப்பாச் சொல்லணுமா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், தீதி. தெரிஞ்சதையெல்லாம் சொல்லித்தானே இந்த நெலமைக்கு வந்திருக்கீங்க?"

நேர்முகம் ஜூன் பத்தாம் தேதி, கிடங்கின் மேல்மாடியில். மேசைக்குப் பின்னால் மூன்று நாற்காலிகள். நடுவில் சஹாய். வலப்பக்கம் வெளியூர் நிபுணர், எடையியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், குளிர்சாதனம் இல்லாத அறையில் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். இடப்பக்கம் இருந்த நாற்காலி காலி. அது தேர்வுக் குழுவில் பழங்குடி உறுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது. தகுதியான உறுப்பினர் கண்டறியப்படாததால் அதுவும் பின்னடைவில் இருந்தது. ஆனாலும் அதன் முன்னால் ஒரு தண்ணீர்ப் புட்டியும் இரண்டு பிஸ்கட்டும் முறைப்படி வைத்திருந்தார்கள்.

நிபுணர் வாயைத் திறப்பதற்குள் கீழே லாரி ஒலிப்பான் அலறியது. ஒரு லாரியல்ல, மூன்று. வரத்துக் காலம் அது. சஹாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தீதி, கொஞ்சம் போய் அதை எடை போட்டு அனுப்பிட்டு வந்துடுங்க. அப்புறம் உங்களுக்கு எடை போடத் தெரியுமான்னு பாப்போம்."

அவள் இறங்கிப் போய் நூற்றுப் பதினேழு மூட்டைகளை எடை போட்டாள். திரும்பி வந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உட்காரச் சொன்னபின் உட்கார்ந்தாள். நிபுணர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"ஒரு குவிண்டாலுக்கு எத்தனை கிலோ?"

"தொண்ணூறு" என்றாள்.

பதினோரு வருடமாக அந்த வாயிலிருந்து பொய்யான எடை ஒன்று வந்ததில்லை. கீழே கூடையோடு வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று ஜன்னலைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. நிபுணர் பெருக்கல் குறி போட்டுவிட்டு, சஹாயிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

அடுத்ததைச் சரியாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"காலையில் தராசை முதலில் என்ன செய்ய வேண்டும்?"

"வெறுந்தட்டோட வச்சு, முள்ளு நடுவுல நிக்குதான்னு பாக்கணும், சாஹேப்."

"தவறு. தராசு திறக்கப்பட்டதை மேலதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்."

இப்படியே போனது. அவள் வேண்டுமென்று தப்பாகச் சொன்னவையும் தப்பு, மனசாரச் சரியாகச் சொன்னவையும் தப்பு. விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு ஆறாவது கேள்வியில் தலைகால் புரியவில்லை. எட்டாவதாக, புது அரக்குக்கு ஈரப்பதத்துக்காக எவ்வளவு கழிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நூற்றுக்கு ஐந்து என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். யாரும் நம்பாத ஒன்றைச் சொல்ல நினைத்து, "நாலுல ஒரு பங்கு" என்றாள்.

நிபுணர் முகம் மலர்ந்தது. "சரியான விடை. கழகத்தின் நலன் அறிந்தவர்."

அந்த ஒன்று மட்டும்தான் சரி. நேர்முகம் பத்து. எழுபத்தெட்டும் பத்தும் எண்பத்தெட்டு, அதில் பாதி நாற்பத்து நான்கு.

முடிவைப் பலகையில் ஒட்டிவிட்டு ஜா அவளிடம் வந்து நின்றார். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு மார்க்கு, தீதி."

"அஞ்சு மார்க்கு தளர்வு உண்டுன்னீங்களே, பாபு?"

"குடுத்தாச்சே. அம்பதாத்தான் இருந்துச்சு, தளர்வு குடுத்துத்தான் நாப்பத்தஞ்சு. தளர்வுக்குத் தளர்வு கிடையாது."

பலகையில் வழக்கமான வாசகம் இருந்தது. தகுதியானவர் எவரும் கண்டறியப்படவில்லை. ஆனால் எழுத்துத் தேர்வில் ஒரு பழங்குடிப் பெண் பொதுப்பட்டியலில் முதலிடம் பிடித்ததைக் கழகம் சும்மா விடவில்லை. ஜூன் பதினெட்டு அன்று, அவளுக்கு நாற்பத்தைந்து நிறைந்த நாளில், அவளை வேலையிலிருந்து அனுப்புவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பாராட்டு விழா வைத்தார்கள். சால்வை போட்டார்கள். ஆண்டறிக்கைக்குப் புகைப்படம் எடுத்தார்கள்.

சஹாய் பேசினார். "சகோதரி சுஷாந்திக்கு இனி ஒதுக்கீடே தேவையில்லை. அவர் அதைக் கடந்துவிட்டார். சமூகநீதியின் லட்சியம் என்ன? ஒருவருக்கும் அது தேவைப்படாத நிலை. இந்தக் கிடங்கில் நாம் அந்த நிலையை அடைந்துவிட்டோம். இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு பெருமையோடு காலியாக இருக்கிறது!"

எல்லோரும் கைதட்டினார்கள். சுஷாந்தியும் தட்டினாள், மற்றவர்கள் தட்டும்போது சும்மா இருப்பது மரியாதையில்லை என்பதால். ஐந்து மணிக்குச் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அனுபாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி போனாள். ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் வீட்டு முன்னால் கழகத்தின் ஜீப் வந்து நின்றது. பின்னடைவுப் பிரிவு முழுதாக வந்திருந்தது. ஏழு பேர் எப்படி ஒரு ஜீப்பில் ஏறினார்கள் என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம். இரண்டு கயிற்றுக் கட்டில்களிலும் அவர்கள் நெருக்கியடித்து உட்கார, சுஷாந்தி செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

சஹாய் ஒரு காகிதத்தைப் பிரித்தார். "தலைமையகத்துல போராடி வாங்கியிருக்கேன், தீதி. உங்களுக்கு மட்டும் தனி ஆணை. வயசுத் தளர்வு இன்னும் ஆறு வருஷம்."

அவள் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "அப்ப எனக்கு வேலை உண்டா?"

"விண்ணப்பிக்கிறதுக்கு மட்டும்" என்றார் ஜா மெல்ல. "நியமனத்துக்கு இல்ல."

"விண்ணப்பிச்சு என்ன பண்றது?"

எழுத்தர்களில் இளையவர் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டுநர்தான் போட்டு உடைத்தார். "ஒரு விண்ணப்பமாவது வந்தாத்தான் பிரிவு நடக்கும், தீதி. அடுத்த முறைக்கு உங்களைத் தவிர ஆளில்ல. எல்லாரும் கைவிட்டுட்டாங்க. எங்க ஏழு பேருக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

சுஷாந்தி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இத்தனை வருடமும் தான் இவர்களிடம் வேலை கேட்டு நின்றதாக நினைத்திருந்தாள். தான்தான் இவர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

"நான் எழுதலைன்னா அந்த எடம் என்னாகும், சாஹேப்?"

"ஒதுக்கீட்டை எடுத்துடுவாங்க. பொதுவுக்குப் போயிடும். அங்க ஒரு வாரத்துல நிரப்பிடுவாங்க."

"பதினோரு வருஷமாக் கெடைக்காத ஆளு ஒரு வாரத்துல கெடைச்சிடுவாங்களா?"

"அது பொதுப்பட்டியல், தீதி. அங்க தகுதியானவங்க இருப்பாங்க."

"அவங்களுக்கு எடை போடத் தெரியுமா?"

"அதெல்லாம் சேந்தப்புறம் கத்துக்கலாமே" என்றார் சஹாய், பெருந்தன்மையோடு. "கத்துக்குடுக்க உங்களைக் கூப்பிட மாட்டோமா?"

சுஷாந்தி தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு பிர்சியின் மகள் பள்ளிக்கூடச் சீருடையோடு கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பத்தாவது. கணக்கில் கெட்டி.

"பேனாவைக் குடுங்க" என்றாள்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். அவள் பெயர் எழுதினாள், தகப்பன் பெயர் எழுதினாள், ஜா காட்டிய பதினான்கு இடங்களிலும் கையெழுத்துப் போட்டாள். "உங்களுக்காக எழுதல, பாபு. காலியாக் கெடந்தாலும் அது எங்க சனத்தோட எடம். அதை நான் விட முடியாது."

"பெரிய மனசு உங்களுக்கு" என்று சஹாய் எழுந்தார். "சரி, வண்டியில ஏறுங்க. கிடங்குல பதினாலு லாரி நிக்குது. நியமனம் நடந்துக்கிட்டிருக்கறப்ப புதுசா தினக்கூலி ஆள் எடுக்க விதியில்ல. நேத்து ஜாவை எடை போடச் சொன்னேன், ஒரு மூட்டைக்கு மூணு எடை சொல்றாரு. நீங்க கௌரவமா வந்து பாத்துக்குங்க. சம்பளந்தான் கெடையாது, நாற்காலி போடச் சொல்றேன்."

"நான் வரல, சாஹேப்."

"ஏன்?"

"அந்த எடம் காலியா இருக்குன்னு இத்தனை வருஷமா உங்க காகிதத்துல மட்டும்தான் இருந்துச்சு. நான் அதுல நின்னுக்கிட்டிருந்தேன், அதனால யாரு கண்ணுக்கும் தெரியல. இனிமே எல்லாரும் பாக்கட்டும்."

"விக்க வந்த சனங்க நிக்கிறாங்க, தீதி. உங்க ஆளுங்கதான்."

"நேத்துச் சந்தையில அவங்ககிட்ட சொல்லிட்டேன். தராசு பக்கத்துல எங்க ஆளு ஒருத்தர் நியமன ஆணையோட நிக்கிற வரைக்கும் யாரும் கூடையை எறக்க மாட்டாங்க. நானா இருக்கணும்னு இல்ல. பிர்சி பொண்ணு வளர்ற வரைக்கும் காத்திருக்கச் சொன்னாலும் காத்திருப்பாங்க."

சஹாயின் கைப்பேசி அடித்தது. திரையில் தலைமையகத்தின் எண். அவர் எடுக்கவில்லை. சுஷாந்தி காலிச் செம்பை வாங்கிக்கொண்டு, இன்னும் யாருக்காவது தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.